மூணு கெஸ்ட்டும் ‘ஓடுது’ன்னு மெசேஜ் வந்துச்சு, பால் சீட்டு மட்டும் வரலை

#1 கொழிஞ்சாம்பாறை_வயர்மேன்

வணக்கமுங்க. நம்மளுக்கு கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. இங்கே ஒரு பால் சொசைட்டிக்கு சர்வர் பாத்துக்கறது நான்தான். போன வாரம் நல்லா ஒரு அடி வாங்கினேன், அதைச் சொல்லிட்டுக் கேக்கறேன்.

மெஷின் ஒண்ணுதானுங்க. டெபியன் லினக்ஸ் போட்ட நெஜ மெஷின்தான் ஹோஸ்ட், மேல கேவிஎம்ங்கற விர்ச்சுவல் மெஷின் மென்பொருள், அதுல மூணு கெஸ்ட், அதாவது உள்ள ஓடற மூணு விர்ச்சுவல் மெஷின். ஒண்ணு பால் அளவை, ஒண்ணு கணக்கு, ஒண்ணு சிசிடிவி ரெக்கார்டர். டிஸ்க் 1 டெராபைட். மூணுக்கும் சேத்து நான் எழுதிக் குடுத்தது 1300 ஜிபி. ‘எல்லாம் கியூகவ்2ங்கற விர்ச்சுவல் டிஸ்க் ஃபைல்தானே, தேவைக்குத் தக்கன வளரும், ஒரே சமயத்துல மூணுமா ரொம்பப் போகுது’ன்னு ஒரு நெனப்பு.

காலைல 4:40க்கு முதல் கேன் வந்திருக்கு. பதினோரு பேருக்குச் சீட்டு அடிச்சாச்சு. பன்னெண்டாவது ஆளுக்குப் பாலை எடை போட்டு, ஃபேட் மெஷின்ல சாம்பிள் வெச்சு, லிட்டரும் ஃபேட்டும் திரையில வந்துடுச்சு, ஆனா சேவ் அடிச்சா மணல்கடிகாரம். கிளார்க் அக்கா பத்து நிமிஷம் பாத்துட்டு, கார்பன் பேப்பர் வெச்ச பழைய நோட்டை எடுத்துக் கையால எழுத ஆரம்பிச்சுட்டாங்க. 5:10க்கு எனக்கு போன்.

இதுல கொடுமை என்னன்னா, 5:00 மணிக்கு என் ஸ்கிரிப்ட் எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கு: ‘மூணும் ஓடுது’. நானும் அதைப் பாத்துட்டுத்தான் திரும்பிப் படுத்தேன்.

ஸ்கிரிப்ட் ரொம்பச் சாதாரணமானது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கிரான்ல (நேரத்துக்குத் தானா ஓட்டற வசதி) ‘விர்ஷ் லிஸ்ட்’னு கெஸ்ட்டைப் பட்டியல் போடற கமாண்டு ஓடும், வர்ற பட்டியல்ல கெஸ்ட் பேரை கிரெப் பண்ணித் தேடும். பேர் இருந்தா ஓடுது, இல்லேன்னா அலாரம். ஒரு வருஷமா கரெக்டாத்தான் சொல்லிட்டிருந்துது. அன்னிக்கு மட்டும் ஏன் பொய் சொல்லுச்சு? நீங்கல்லாம் எப்படிக் கண்காணிக்கறீங்க?

(மொபைல்ல தமிழ் கீபோர்டுலயே அடிக்கறேன். கமாண்டை இதே எழுத்துல டெர்மினல்ல போட்டா அது ஒத்துக்காது, நீங்களே மாத்திக்குங்க.)

#2 மீனாட்சிபுரம்_கேபிள்

ஏனுங்ணா, போய்ப் பாக்கறப்ப ‘விர்ஷ் லிஸ்ட்’ மூணாவது பத்தியில என்ன போட்டிருந்துது?

#3 கொழிஞ்சாம்பாறை_வயர்மேன்

பால் கெஸ்ட்டுக்கு ‘பாஸ்டு’, அதாவது பாதியில நிறுத்தி வெச்சிருக்கு. சிசிடிவிக்கும் ‘பாஸ்டு’. கணக்கு மட்டும் ‘ரன்னிங்’. அந்தப் பத்தியை நான் ஒரு நாளும் படிச்சதே இல்லீங்க. ஸ்கிரிப்ட் பேரை மட்டும்தான் பாத்துது.

#4 மீனாட்சிபுரம்_கேபிள்

அப்போ அது பொய் சொல்லலை. நீங்க கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கு. சும்மா ‘விர்ஷ் லிஸ்ட்’ போட்டா ஓடறது மட்டும் வராதுங்ணா, உயிரோட இருக்கற எல்லாமே வரும். பாஸ் ஆகி நிக்கற கெஸ்ட்டும் அதுல சேத்தி. கெஸ்ட்டை ஓட்டற கியூஎமு ப்ராசஸ் ஹோஸ்ட்ல இருக்கு, மெமரி பிடிச்சிருக்கு, அதனால பட்டியல்ல பேரும் இருக்கு. முழுசா அணைஞ்சதும் வேணும்னா ‘ஆல்’ சேத்துப் போடணும்.

ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் ‘விர்ஷ் டொம்ஸ்டேட்’ போடுங்க, கூடவே ‘ரீசன்’னு ஒரு ஆப்ஷன். அப்போ ‘பாஸ்டு’ன்னு மட்டும் நிக்காது, அடைப்புக்குறிக்குள்ள காரணமும் வரும். நீங்களே சஸ்பெண்ட் பண்ணியிருந்தா ‘யூசர்’. உங்க கேஸ்ல ‘ஐ-ஓ எரர்’னு, அதாவது டிஸ்க்ல எழுதப் படிக்க முடியலைன்னு, இருந்திருக்கும். டிஸ்க் நெறைஞ்சுதுங்களா?

#5 கொழிஞ்சாம்பாறை_வயர்மேன்

நெறைஞ்சுதுங்க. டிஸ்க் எவ்வளவு நெறைஞ்சிருக்குன்னு காட்டற ‘டிஎஃப்’ அடிச்சா 100 சதவீதம். சிசிடிவி கெஸ்ட் மெல்ல மெல்லத் தின்னு தீத்திருக்கு.

முதல்ல அது புரியாம ‘விர்ஷ் ரெஸ்யூம்’ அடிச்சேன். ஒரு செகண்டு ஓடுச்சு, மறுபடியும் நின்னுடுச்சு. மறுபடி ரெஸ்யூம், மறுபடி நின்னுது. வெளியில நாப்பது பேர் கேனோட நிக்கறாங்க. அப்புறம்தான் டிஸ்க்கைப் பாத்து, 60 ஜிபிக்கு ஒரு பழைய பேக்கப் கிடந்ததை அழிச்சுட்டு ரெஸ்யூம் அடிச்சேன். விட்ட எடத்துல இருந்து ஓட ஆரம்பிச்சுது. டேட்டாபேஸ் ஒண்ணும் கெடலை, அது வரைக்கும் சந்தோஷம்.

ஆனா 5:50க்குப் பால் ஊத்தினவருக்குச் சீட்டுல 4:52ன்னு நேரம் வருது! ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் படிச்சுட்டு, ‘தம்பி, இந்த நேரத்துல நா இன்னும் பாலே கறக்கலியே’ன்னார். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

#6 நகரி_தறிக்காரன்

சிசிடிவியும் பாஸ் ஆயிட்டதால அந்த ஒரு மணி நேரக் கூத்துக்கு ரெக்கார்டிங்கும் இல்ல, அதானே?

#7 கொழிஞ்சாம்பாறை_வயர்மேன்

அதேதான். அது ஒண்ணுதான் எனக்குச் சாதகம்.

#8 செங்கோட்டை_அண்ணாச்சி

தம்பி, டிஸ்க் நெறைஞ்சதும் கெஸ்ட் நின்னதை நெனச்சு வருத்தப்படாதீக. அது நல்லதுக்குத்தான் நின்னுது. கியூஎமு தானாவே அப்படித்தான் நடந்துக்கும்: எழுத எடமில்லைங்கற பிழை வந்தா கெஸ்ட்டை நிறுத்தி வைக்கும், வேற எழுத்துப் பிழைன்னா கெஸ்ட்டுக்கே தெரிவிச்சுடும். எடம் கிடைச்சு ரெஸ்யூம் பண்ணினா நின்னுபோன எழுத்தைத் திரும்ப எழுதிட்டுத்தான் நகரும். அதான் டேட்டாபேஸ் தப்பிச்சுது. பிழையைக் கெஸ்ட்டுக்குள்ள தள்ளிவிட்டிருந்தா உள்ள ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லியா மாறி, உங்க பாடு இன்னும் திண்டாட்டமாயிருக்கும்.

நான் ரிட்டயர் ஆகுத வரைக்கும் திருவனந்தபுரத்துல டேட்டா சென்டர் வேலைதான். ஐபிஎம் பவர் மெஷின், அதுல எல்பார், அதாவது லாஜிக்கல் பார்ட்டிஷன். இந்த ஏற்பாடு ஒண்ணும் புதுசு இல்லை. மெயின்ஃப்ரேம்ல பிஆர்-எஸ்எம்னு 1988லயே வந்தாச்சு. அந்தக் காலத்துல இருந்தே இதே சண்டைதான்: ‘பார்ட்டிஷன் ஓடுதா’ன்னு நீங்க யார்கிட்ட கேக்குதீக?

எங்க ஊர்ல ஹெச்எம்சின்னு தனியா ஒரு கன்சோல் இருக்கும். அதுல பார்ட்டிஷனுக்கு எதிர்ல ‘ரன்னிங்’, ‘நாட் ஆக்டிவேட்டட்’, ‘ஸ்டார்ட்டிங்’, ‘ஷட்டிங் டவுன்’, ‘எரர்’, ‘ஓப்பன் ஃபர்ம்வேர்’னு போட்டிருக்கும். கடைசியா சொன்னேன் பாருங்க, அது எமப்பயல். பார்ட்டிஷனுக்குக் கரண்ட் குடுத்தாச்சு, ஆனா ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏறலை, பூட் மெனுவுல உக்காந்து முழிச்சுக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். புதுசா வந்த பையன் ஒருத்தன் ‘அணைஞ்சு கிடந்தாத்தான் அலாரம்’னு ரூல் எழுதி வச்சான். ராத்திரி மெயின்டெனன்ஸ் முடிஞ்சு ஒரு பார்ட்டிஷன் ஓப்பன் ஃபர்ம்வேர்லயே நின்னுபோச்சு. காலைல கவுன்டர் திறந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

அதை விட மோசம் ‘ரன்னிங்’. மெஷினைப் பார்ட்டிஷனுக்குப் பங்கு போட்டுக் குடுக்குத ஹைப்பர்வைசரைப் பொறுத்த வரைக்கும் ரன்னிங்னா, ப்ராசசரைக் குடுத்திருக்கேன், அவன் வாங்கிக்கிட்டான், அவ்வளவுதான். உள்ள இருக்குத ஏஐஎக்ஸ் ஓஎஸ் தொங்கிப்போய் நின்னாலும் கன்சோல்ல ரன்னிங்தான். அதனால நாங்க இன்னொண்ணும் பாப்போம். கன்சோலுக்கும் உள்ள இருக்குத ஓஎஸ்ஸுக்கும் நடுவுல ஆர்எம்சின்னு ஒரு பேச்சு இருக்கும். ‘எல்எஸ்பார்ட்டிஷன்’ அடிச்சா ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ‘ஆக்டிவ்’ 1 அல்லது 0ன்னு வரும். ஒரு பக்கம் ரன்னிங், இன்னொரு பக்கம் ஆக்டிவ் 0ன்னா, ஒண்ணு நெட்வொர்க் வில்லங்கம், இல்லைன்னா உள்ள இருக்குதவனுக்கு ஏதோ ஆயிட்டு.

ஹெச்பி-யூஎக்ஸ்காரங்க வீபார்னு இதே மாதிரி பார்ட்டிஷன் வச்சிருந்தாக. அதுல ‘அப்’, ‘டவுன்’, ‘க்ராஷ்’ கூடவே ‘ஹங்’னும் தனியா ஒரு நிலைமை இருந்துச்சு. உள்ள இருக்குத ஓஎஸ் நாடித்துடிப்பு மாதிரி சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கணும், அது நின்னுபோனா மேல இருக்குதவன் ‘ஹங்’னு எழுதிருவான். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். தொங்குததுக்கும் ஓடுததுக்கும் ஒரே பேரு வைக்காம விட்டாகளே!

#9 நகரி_தறிக்காரன்

அண்ணாச்சி சொல்றது எங்க ஊர்ல தினம் நடக்குது. இங்க நகரியில வீட்டுக்கு வீடு பவர்லூம். தெருவுல நின்னா தறி சத்தம் ‘டக்கு டக்கு’ன்னு கேக்கும். சத்தம் வருதுன்னு முதலாளி திண்ணையில நிம்மதியா இருப்பாரு. உள்ள ஊடை நூல் அறுந்து, நாடா வெறுமனே ஓடிட்டிருக்கும். அதுக்குத்தான் தறியில ஊடை அறுந்தா நிறுத்தற ஒரு முள்ளு வெச்சிருக்காங்க. அது தேஞ்சு போச்சுன்னா தறி பாட்டுக்கு ஓடும், துணியில ஊடையே இல்லாம வெறும் பாவு நிக்கும்.

சரி, என் சந்தேகம். இவ்ளோ கஷ்டம் எதுக்கு? நெட்வொர்க்ல ‘இருக்கியா’ன்னு கேக்கற பிங் பண்ணிப் பாத்தா போதாதா? பாஸ் ஆன கெஸ்ட் பிங்குக்குப் பதில் சொல்லாதே.

#10 கஞ்சிக்கோடு_நைட்_ஷிஃப்ட்

இவர் விஷயத்தில் பிங் காட்டிக் கொடுத்திருக்கும், சரிதான். ஆனால் பிங்குக்குப் பதில் சொல்வது ஓஎஸ்ஸின் அடித்தளமான கெர்னல். கெஸ்ட்டுக்குள் டிஸ்க் பதில் தராமல் ப்ராசஸ் எல்லாம் ‘டி’ நிலைமையில் மாட்டிக்கொண்டு நிற்கும், பிங் மட்டும் அரை மில்லி செகண்டில் திரும்பி வரும். எங்கள் ஃபாக்டரியில் ஒரு ஸ்டோரேஜ் கேபிள் லூஸ் ஆனபோது இரண்டு மணி நேரம் பிங் பச்சையாகவே இருந்தது. உங்கள் பாஷையில் சொன்னால் பிங் என்பது தறிச் சத்தம்.

நான் கஞ்சிக்கோட்டில் கேவிஎம் போலவே ஜென் என்ற மென்பொருள் ஓடும் பழைய மெஷின்களைக் கட்டி மேய்க்கிறேன். அங்கே ‘எக்ஸ்எல் லிஸ்ட்’ போட்டால் நிலைமைப் பத்தியில் ஆறு எழுத்துக்கான இடம் இருக்கும்: ஆர், பி, இன்னொரு பி, எஸ், சி, டி. ரன்னிங், பிளாக்டு, பாஸ்டு, ஷட்டவுன், க்ராஷ்டு, டையிங். சேர்ந்த புதிதில் ஒரு நாள் ராத்திரி எல்லா கெஸ்ட்டுக்கும் ‘பிளாக்டு’ என்று வந்தது. பதறிப்போய் சூப்பர்வைசரை எழுப்பிவிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, ‘எடோ, அவன் உறங்குகிறான், உன்னைப் போல’ என்று சொல்லிவிட்டுப் போனார். பிளாக்டு என்றால் செய்ய வேலை இல்லாமல், அல்லது ஐ-ஓவுக்காக, கெஸ்ட்டின் விசிபியு (விர்ச்சுவல் ப்ராசசர்) காத்திருக்கிறது என்று பொருள். சும்மா இருக்கிற கெஸ்ட் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ‘விர்ஷ்’ கமாண்டுக்குப் பின்னால் இருக்கும் லிப்விர்ட்டிலும் அந்தப் பேர் உண்டு. அங்கே 0 முதல் 7 வரை எண்: 0 நிலைமை இல்லை, 1 ரன்னிங், 2 பிளாக்டு, 3 பாஸ்டு, 4 அணைந்துகொண்டிருக்கிறது, 5 அணைந்துவிட்டது, 6 க்ராஷ்டு, 7 கெஸ்ட்டே தூங்கப் போய்விட்டது. 1 தவிர எல்லாவற்றுக்கும் அலாரம் என்று எழுதினால் ஒரு வாரத்தில் போனை சைலன்ட்டில் போட்டுவிடுவீர்கள்.

#11 கொழிஞ்சாம்பாறை_வயர்மேன்

அதான் கேக்க வந்தேன். எதுக்கு உடனே எழுப்பணும், எதுக்கு வேண்டாம்?

#12 கஞ்சிக்கோடு_நைட்_ஷிஃப்ட்

நான் வைத்திருக்கும் கணக்கு இது. பாஸ்டு, காரணம் ஐ-ஓ எரர்: உடனே, ஒரு முறை பார்த்தாலே போதும். க்ராஷ்டு: உடனே. பாஸ்டு, காரணம் யூசர்: பத்து நிமிஷம் பொறுத்துப் பார்ப்பேன், யாராவது வேண்டுமென்றே நிறுத்தியிருக்கலாம், பத்து நிமிஷம் தாண்டினால் நிறுத்தியவர் மறந்துவிட்டார். அணைந்துவிட்டது என்று வந்தால் அதிலும் காரணத்தைப் பார்க்க வேண்டும். ‘ஷட்டவுன்’ என்றால் உள்ளிருந்து ஒழுங்காக அணைந்தது. ‘டெஸ்ட்ராய்டு’ என்றால் யாரோ வெளியிலிருந்து பிளக்கைப் பிடுங்கியது போல. ‘க்ராஷ்டு’ என்றால் கியூஎமு ப்ராசஸே செத்துப்போனது. ஹோஸ்ட்டில் மெமரி தீர்ந்து, கெர்னலின் ஓஓஎம் கில்லர் அந்த ப்ராசஸை அடித்திருக்கிறதா என்று கெர்னல் லாக்கான ‘டிமெசேஜ்’ பாருங்கள்.

இதெல்லாம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ‘விர்ஷ் ஈவென்ட்’ என்று ஒன்று இருக்கிறது, ‘லூப்’ போட்டு ஓடவிட்டால் நிலைமை மாறிய அந்த நொடியே வரி வந்து விழும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். லிப்விர்ட் டீமன் ரீஸ்டார்ட் ஆனால் அந்த இணைப்பு அறுந்துபோகும், நடுவில் நடந்தது வராது. ஈவென்ட்டும் வேண்டும், நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பதும் வேண்டும்.

#13 சித்தூர்_பாலம்

இத்தனை எழுதறதுக்கு, கண்காணிப்புக்குன்னே இருக்கற டூல், ஒரு ப்ரோமீத்தியஸ், ஒரு கிராஃபானா, ஒரு அலர்ட் மேனேஜர் போட்டா முடிஞ்சுது. இல்லேன்னா ஜாபிக்ஸ். இன்னும் ஷெல் ஸ்கிரிப்ட்டா?

#14 கொழிஞ்சாம்பாறை_வயர்மேன்

சொசைட்டியில இருக்கறது ரெண்டு கிளார்க், ஒரு மெஷின், ஒரு ஃபேன். கிராஃபானாவை யாருங்க பாக்கறது? ஃபேட் 4.2ஆ 4.3ஆங்கறதுதான் அங்கே கிராஃப்.

#15 செங்கோட்டை_அண்ணாச்சி

டூல் எதுவா இருந்தா என்ன? ‘பேர் இருந்தா ஓடுது’ன்னு அதே தப்புக் கேள்வியை ப்ரோமீத்தியஸ்ல எழுதினா, அதே தப்புப் பதில் கலர்ல வரும்.

#16 சித்தூர்_பாலம்

ஒத்துக்கறேன் அண்ணாச்சி. ஆனா ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அவரோட ஸ்கிரிப்ட் அதே ஹோஸ்ட்லதான் ஓடுது. ஹோஸ்ட்டே போச்சுன்னா யார் மெசேஜ் அனுப்புவா? ‘மெசேஜ் வரலை, அதனால எல்லாம் நல்லாருக்கு’ன்னு படுத்துக்குவார். எங்க ஆபீஸ்ல எப்பவும் அடிச்சுக்கிட்டே இருக்கற மாதிரி ஒரு டம்மி அலர்ட் வெச்சிருக்கோம். அந்தச் சத்தம் நின்னாத்தான் வெளியில இருக்கறவன் ஓடி வருவான்.

#17 கொழிஞ்சாம்பாறை_வயர்மேன்

இது நெத்தியடி. துலாமழைல இடி விழுந்தா முதல்ல போறது ஹோஸ்ட்டுக்கு முன்னாடி இருக்கற ஸ்விட்ச்தான். போன ஐப்பசியில ரெண்டு ஸ்விட்ச் மாத்தினேன்.

பொள்ளாச்சியில மச்சான் வீடு இருக்கு. ராஸ்பெர்ரி பைன்னு ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை அங்கே வெச்சுடறேன். சொசைட்டி ஹோஸ்ட் நிமிஷத்துக்கு ஒருக்கா அதுக்கு ‘இருக்கேன்’னு சொல்லணும், அஞ்சு நிமிஷம் சத்தம் இல்லேன்னா பை என்னைக் கூப்பிடணும். எல்லைக்கு அந்தப் பக்கம்ங்கறதால கரண்ட்டும் வேற, லைனும் வேற. இங்கே போறப்ப அங்கே இருக்கும். என் போனே வேலந்தாவளம் தாண்டறதுக்குள்ள மூணு தரம் டவர் மாத்துது, அந்த ஒரு தொல்லைக்கு இப்பத்தான் ஒரு பிரயோஜனம்.

#18 பாளையம்_ஜோன்

திருவனந்தபுரத்துல இருந்து. நீங்க எல்லாரும் முழு விர்ச்சுவல் மெஷினைப் பத்தியே பேசறீங்க. எங்க பக்கம் சொலாரிஸ் ஜோன் இன்னும் உயிரோட இருக்கு. 2005ல சொலாரிஸ் 10ல வந்தது. ஒரே கெர்னல், அதுக்கு மேல தனித்தனி வீடு மாதிரி. இங்கே பொறி தலைகீழ். ‘ஜோன்அட்ம் லிஸ்ட்’ சும்மா போட்டா ஓடறது மட்டும்தான் வரும். ஒரு ஜோன் விழுந்தா சிவப்பா எதுவும் வராது, பட்டியல்ல ஒரு வரி குறையும், அவ்வளவுதான். எத்தனை இருக்கணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். ‘சிவி’ சேத்துப் போட்டா கான்ஃபிகர்டு, இன்ஸ்டால்டு, ரெடி, ரன்னிங்னு எல்லாம் வரும். ‘இன்கம்ப்ளீட்’னு வந்தா யாரோ இன்ஸ்டாலை பாதியில விட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க. ‘ஷட்டிங் டவுன்’லயே அரை மணி நேரம் நின்னா, உள்ள ஏதோ ப்ராசஸ் சாக மாட்டேங்குது, எங்க அனுபவத்துல பெரும்பாலும் நெட்வொர்க் வழியா மாட்டின என்எஃப்எஸ் மவுண்ட்.

ஃப்ரீபிஎஸ்டி ஜெயில்ல ‘நின்னுபோன ஜெயில்’னு ஒண்ணே கிடையாது. இருந்தா இருக்கு, இல்லேன்னா இல்லை. நடுவுல ‘செத்துக்கிட்டிருக்கு’ன்னு ஒரு நிலைமை மட்டும் உண்டு, ‘ஜேஎல்எஸ்’ல டி போட்டாத்தான் கண்ணுல படும்.

#19 நகரி_தறிக்காரன்

எங்க கம்பெனியில ஹைப்பர்-வி. அதுல கெஸ்ட்டுக்கே பார்ட்டிஷன்னுதான் பேரு, ரூட் பார்ட்டிஷன், சைல்டு பார்ட்டிஷன். டிஸ்க் நெறைஞ்சா ‘பாஸ்டு-கிரிட்டிக்கல்’னு போட்டுரும். ஹார்ட்பீட்னு தனியா ஒரு பத்தியும் இருக்கு, உள்ள இருக்கற சர்வீஸ் பேசலைன்னா ‘நோ காண்டாக்ட்’. அண்ணாச்சிக்குப் பிடிச்ச மாதிரி.

#20 மீனாட்சிபுரம்_கேபிள்

கேவிஎம்லயும் அது உண்டு. கெஸ்ட்டுக்குள்ள கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட் போட்டுட்டா வெளியில இருந்து ‘கெஸ்ட்-பிங்’ அனுப்பலாம், உள்ள கெர்னலுக்கு மேல ஓடற யூசர்லேண்ட் உயிரோட இருந்தா காலியா ஒரு பதில் வரும். சீட்டுல நேரம் தப்பா வந்த விஷயத்துக்கும் இதுதானுங்ணா மருந்து. பாஸ் ஆகி நிக்கற வரைக்கும் கெஸ்ட்டுக்குக் காலமே ஓடறதில்லை, 4:52ல கண்ணை மூடினவன் 4:52ல முழிச்சான். உள்ள கடிகாரத்தைச் சரி பாக்கற க்ரோனி இருந்தாலும் உடனே சரி பண்ணாது. அதோட வழக்கமான கான்ஃபிக்ல, பூட் ஆனதுக்கப்புறம் முதல் 3 தடவை மட்டும்தான் கடிகாரத்தைத் தூக்கி வெக்கும், அப்புறமெல்லாம் மெதுவா இழுக்கும். 58 நிமிஷத்தை அப்படி இழுத்து முடிக்க மணிக்கணக்காகும். ரெஸ்யூம் பண்ணின கையோட ‘விர்ஷ் டொம்டைம்’ல ‘நவ்’ போடுங்க, ஏஜென்ட் வழியா நேரம் சரியாயிரும்.

#21 கஞ்சிக்கோடு_நைட்_ஷிஃப்ட்

ஏஜென்ட் பதில் சொன்னாலும் பால் மென்பொருள் ஓடுகிறது என்று ஆகாது, அதையும் பாருங்கள். கடைசியாக எழுதின ரெக்கார்டின் நேரத்தை டேட்டாபேஸில் கேட்பது நல்ல வழி. பத்து நிமிஷத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அலாரம்.

#22 கொழிஞ்சாம்பாறை_வயர்மேன்

அப்படி வெச்சா மத்தியானம் பூரா அடிச்சுட்டே இருக்குமுங்க. மாடு ரெண்டு நேரம்தானே கறக்குது. காலைல 4:45ல இருந்து 7:30, சாயந்தரம் 3:00ல இருந்து 5:00, இந்த நேரத்துக்கு மட்டும் வெக்கறேன்.

#23 செங்கோட்டை_அண்ணாச்சி

பாத்தீகளா, இதைச் சொல்ல எந்த டூலாலயும் முடியாது. மாட்டைத் தெரிஞ்சவன்தான் சொல்லணும்.

இன்னொண்ணு. கெஸ்ட்டுக்குள்ள கெர்னல் பேனிக் ஆகி ஓஎஸ்ஸே விழுந்தா லிப்விர்ட் என்ன காட்டும்னு சோதிச்சுப் பாத்தீகளா? சும்மா நம்பிராதீக, ஒரு டெஸ்ட் கெஸ்ட்டுல செஞ்சு பாருங்க.

#24 கொழிஞ்சாம்பாறை_வயர்மேன்

நாலு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். எல்லாம் மாத்தியாச்சு. நேத்து காலைப் பாலுக்கும் சாயந்தரப் பாலுக்கும் நடுவுல, 10:30 மணிக்கு, உக்காந்து ஒவ்வொண்ணா உடைச்சுப் பாத்தேன்.

முதல்ல பால் கெஸ்ட்டையே சஸ்பெண்ட் பண்ணினேன். ‘பாஸ்டு, யூசர்’. பத்து நிமிஷம் கழிச்சு போன் அடிச்சுது. ரெஸ்யூம் பண்ணி டொம்டைம் போட்டதும் கடிகாரம் நிமிந்துடுச்சு.

அடுத்து டிஸ்க். இதுக்கு மட்டும் சின்னதா ஒரு டெஸ்ட் கெஸ்ட் போட்டு, அதோட ஃபைலைத் தனியா 5 ஜிபி பார்ட்டிஷன்ல வெச்சு, உள்ள இருந்து எழுதி எழுதி நெறைச்சேன். ‘பாஸ்டு, ஐ-ஓ எரர்’. ஈவென்ட் வழியா மூணு செகண்டுல மெசேஜ். இது அன்னிக்கு இருந்திருந்தா 4:52க்கே முழிச்சிருப்பேன். ஹோஸ்ட் டிஸ்க் 85 சதவீதம் தொட்டாலே இப்ப தனி எச்சரிக்கை வருது. சிசிடிவி கெஸ்ட்ல டிஸ்கார்ட் ‘அன்மேப்’ வெச்சு, உள்ள ‘எஃப்எஸ்ட்ரிம்’ ஓட்டினதுல, அழிச்ச ரெக்கார்டிங்கோட எடம் 140 ஜிபி ஹோஸ்ட்டுக்குத் திரும்பி வந்துச்சு. இத்தனை நாள் அது சும்மாவே கிடந்திருக்கு.

மூணாவது, அண்ணாச்சி சொன்ன பேனிக். அதே டெஸ்ட் கெஸ்ட்டுக்குள்ள சிஸ்ரிக்கு ‘சி’ அனுப்பி, வேணும்னே பேனிக் ஆக வெச்சேன். திரையில பேனிக் எழுத்தெல்லாம் வந்து உறைஞ்சு நிக்குது. டொம்ஸ்டேட் அடிச்சா என்ன சொல்லுதுன்னு நெனைக்கறீங்க? ‘ரன்னிங்’! ரெண்டு தரம் அடிச்சுப் பாத்தேன். அப்புறம் கெஸ்ட்டோட எக்ஸ்எம்எல் கான்ஃபிக்ல பேனிக் டிவைஸ் சேத்து மறுபடி செஞ்சேன், இந்தத் தடவை கெஸ்ட் விழுந்தது ஹோஸ்ட்டுக்குத் தெரிஞ்சுது. ‘ஆன் க்ராஷ்’க்கு ‘ப்ரிசர்வ்’ வெச்சதால ‘க்ராஷ்டு’ன்னே நின்னுது. பால் கெஸ்ட்டுக்கு மட்டும் ‘ரீஸ்டார்ட்’ வெச்சிருக்கேன், காலைல 5 மணிக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள அது தானா எழுந்துக்கட்டும். கூடவே வாட்ச்டாக் டிவைஸும் ஒண்ணு, உள்ள சிஸ்டம்டி அதைத் தட்டிக்கிட்டே இருக்கும், தட்டலைன்னா ரீசெட்.

கடைசியா லேன் கேபிளைப் புடுங்கினேன். பொள்ளாச்சியில இருந்து ஆறாவது நிமிஷம் கால் வந்துச்சு. மச்சான் சம்சாரம் வேற தனியா கூப்பிட்டு, ‘அண்ணா, உங்க டப்பா பீப் பீப்னு கத்துது, ஆஃப் பண்ணிரட்டுமா’ன்னாங்க. ஆஃப் பண்ணிராதேம்மான்னு சொல்லி வெச்சிருக்கேன்.

#25 சித்தூர்_பாலம்

அந்த டப்பாவுக்கு ஒரு டம்மி அலர்ட் வைங்க. நெசமாத்தான் சொல்றேன்.

#26 செங்கோட்டை_அண்ணாச்சி

நல்லா செஞ்சிருக்கீக தம்பி. ஒரே ஒரு சந்தேகம். அன்னிக்கு எடம் பண்ண 60 ஜிபி பழைய பேக்கப்பை அழிச்சேன்னீகளே, அது எந்த டிஸ்க்ல இருந்துச்சு?

#27 கொழிஞ்சாம்பாறை_வயர்மேன்

அதே டிஸ்க்லதானுங்க அண்ணாச்சி.

சாயந்தரப் பால் முடியட்டும், வேற இழை போடறேன்.